மிக்ஸியைப் பார்த்துக்கொண்டிருந்த ராஜா

சலூன்காரர் வீட்டுக்கு முதல்முறை வருகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கவனிக்காமல் போவதில்லை. ஒன்று, அவ்வளவு சின்னச் சமையலறைக்குள் அத்தனை ராஜாக்கள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்பது. இன்னொன்று, அலமாரி கொள்ளாமல் கோப்பைகளை வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கு மட்டும் எவர்சில்வர் டம்ளரில் டீ கொடுப்பது.

"அதெல்லாம் குடிக்கறதுக்கு இல்லைங்க," என்பார் அவர் மனைவி, வந்தவரின் பார்வை போகிற இடத்தைப் பார்த்து. "அந்த ராஜாங்க தானும் குடிக்க மாட்டாங்க, நம்மளையும் குடிக்க விட மாட்டாங்க."

பட்டத்துக்கு வந்ததற்கு ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று, பட்டத்துக்கு வந்து இருபத்தைந்து வருஷம் ஆனதற்கு ஒன்று என்று, எங்கெங்கோ ஆண்ட குடும்பங்களின் பெயரால் எந்தக் காலத்திலோ செய்து விற்ற பீங்கான்கள் அவை. கோப்பை, தட்டு, பால் ஊற்றும் குவளை, மூடி தொலைந்துபோன சர்க்கரைக் கிண்ணம். எல்லாவற்றிலும் யாராவது ஒரு ராஜாவோ ராணியோ அச்சாகியிருப்பார்கள். கீழே ஒரு தேதி, சுற்றிலும் ஒரு தங்கக் கோடு. அந்தத் தங்கக் கோடு பாதி தேய்ந்திருந்தால் சலூன்காரருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. முழுசாக இருந்தால் சந்தோஷத்தில் இறங்காது.

இந்தப் பைத்தியம் அவருக்கு எப்படிப் பிடித்தது என்று கேட்டால், தொழிலைத்தான் காட்டுவார். அவர் முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த சலூனில் சவர நுரை குழைக்க ஒரு பழைய பீங்கான் குவளை இருந்தது. அதில் ஒரு ராஜா. வருஷக்கணக்காக முதலாளியின் கட்டைவிரல் பட்டுப் பட்டு ராஜாவின் மூக்கு முழுசாக அழிந்துபோயிருந்தது. கிரீடம் மட்டும் பளிச்சென்று இருந்தது. "யாருங்க இவரு?" என்று கேட்டதற்கு முதலாளி, "எனக்கென்ன தெரியும். இவருக்கு முடி வெச்சதைக் கொண்டாடறதுக்குப் பண்ணின குவளை. நமக்கு முடி எடுத்தாத்தான் சோறு," என்றார். முடி என்கிற ஒரே சொல்லுக்குள் தானும் அந்த ராஜாவும் ஒண்டிக்கொண்டிருப்பது அவருக்கு ஏனோ பிடித்துப்போயிற்று. முதலாளி கடையை விற்றபோது எல்லோரும் நல்ல கத்தரியையும் சுழல் நாற்காலியையும் கேட்டார்கள். இவர் அந்த மூக்கில்லாத ராஜாவைக் கேட்டு வாங்கி வந்தார். முதல் ராஜா அவர்தான்.

பிறகு ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பழைய சாமான் கடைகளில் சில, வீடு காலி செய்கிற வாடிக்கையாளர்கள் கொடுத்தவை சில. புதிதாக ஒன்று கிடைத்தால் மற்ற சேகரிப்பாளர்கள் அடியில் இருக்கும் முத்திரையைப் பார்ப்பார்களாம். சலூன்காரர் முதலில் கிருதாவைத்தான் பார்ப்பார். "நல்ல கை. ஒரே மட்டத்துல இறக்கியிருக்கான் பாரு," என்று, செத்து எத்தனையோ காலமான ஏதோ ஓர் அரண்மனை நாவிதரைப் பாராட்டுவார். ஒருமுறை ஓர் இளவரசரின் பிடரியைப் பார்த்துவிட்டு, "அவசரத்துல வெட்டியிருக்கான்," என்று நாள் முழுக்க வருத்தப்பட்டிருக்கிறார்.

இவ்வளவு பேர் இருந்தும் அவர் மனசில் முள்ளாக நின்றது ஒரே ஒரு கோப்பை. அது அலமாரியின் வலதுகோடியில் இருந்தது. வெள்ளைப் பீங்கான், ஒரு கீறல் இல்லை, தங்கக் கோடு சுற்றிலும் அப்படியே. நீலக் கோட்டு போட்ட ராஜா, பக்கவாட்டு முகம், வலப்பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். கைப்பிடி அவர் பிடரிக்குப் பின்னால், இடப்பக்கம். விற்ற பழைய சாமான் கடைக்காரர் அதைப் பேப்பரில் சுற்றும்போதே சொல்லிவிட்டார்: "இது ஜோடிக் கோப்பைங்க. ராணி தனியா இன்னொண்ணுல இருப்பாங்க, இடப்பக்கம் பாத்துக்கிட்டு. ரெண்டையும் பக்கத்துல வெச்சா ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க. என்ன பண்றது, ஒண்ணு கிடைச்சா ஒண்ணு ஒடஞ்சிருக்கும்."

அன்றிலிருந்து ராஜாவுக்கு ராணி தேடுவதே வேலையாகிவிட்டது. ராஜாவை அலமாரியின் நடுவில் வைத்துப் பார்த்தார். பக்கத்துத் தட்டில் இருந்த வேறொரு குடும்பத்து ராணியை அவர் உற்றுப் பார்ப்பதுபோல் இருந்தது. "அடுத்தவர் பொண்டாட்டியைப் பாக்கறாரு, நல்லால்ல," என்று மனைவியே சொல்லிவிட்டார். கோடிக்கு மாற்றினார். கோடிக்கு அப்பால் மேடையில் மிக்ஸி இருந்தது. அன்றிலிருந்து ராஜா மிக்ஸியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் ராஜாவைக் கடைக்கு எடுத்துப்போய்ப் பெரிய கண்ணாடியின் ஓரமாக வைத்துப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்த ராஜா இடப்பக்கம் திரும்பிக்கொண்டார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஜோடி இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு அப்போது தெரிந்தது. ஆனாலும் தன் மூஞ்சியைத் தானே பார்த்துக்கொண்டிருக்கிற மனிதரை எத்தனை நேரம் பார்ப்பது? திரும்பக் கொண்டுபோய் மிக்ஸி பக்கத்திலேயே விட்டுவிட்டார்.

ராணி கிடைத்த இடத்தை அவர் கனவிலும் நினைத்திருக்க மாட்டார்.

கடையிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஓர் அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் லிஃப்டுக்காரர் இருந்தார். வேலையில் இருந்த காலம் முழுக்க ஊரில் உள்ள லிஃப்டுகளையெல்லாம் பழுதுபார்த்தவர். இப்போது முட்டி தேய்ந்து, சொந்தக் கட்டடத்து லிஃப்ட் ஓடாததால் கீழே இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தார். லிஃப்ட் கதவில் 'பழுது' என்று ஓர் அட்டை தொங்கியது. அட்டையே பழுதாகி ஒரு பக்கக் கயிறு அறுந்திருந்தது. ஆள் இறங்க முடியாவிட்டாலும் முடி வளர்வது நிற்காதே. அதனால் மாதாமாதம் சலூன்காரர் பையைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

முதல் தடவை போனபோதே அது நடந்தது. ஜன்னலோரம் நாற்காலி போட்டு, துணி கட்டி, முடி வெட்டி முடித்து, சவரத்துக்குக் கன்னத்தில் கைவைத்தால் கன்னம் உள்ளே போகிறது.

"பெரியவரே, பல்லை மாட்டிக்கோங்க. கன்னம் உப்பினாத்தான் கத்தி ஓடும்."

"அது ஒழுங்கா நிக்க மாட்டேங்குதுப்பா. பேசினா கடகடங்குது. அடியில பட்டை தேஞ்ச லிஃப்ட் மாதிரி." பெரியவருக்கு உலகத்தில் உள்ள எல்லாமே ஏதோ ஒருவகை லிஃப்ட். "பாத்ரூம்ல கப்புல கிடக்கு. அப்படியே எடுத்துட்டு வா."

சலூன்காரர் போனார். வாஷ்பேசினுக்கு மேலே கண்ணாடிப் பலகை. அதில் பிரஷ், பேஸ்ட், ஒரு தைல சீசா, ஒரு வெள்ளைக் கோப்பை. கோப்பைக்குள் தண்ணீர், தண்ணீருக்குள் மேல்வரிசையும் கீழ்வரிசையும் பின்னிக்கிடந்தன. கோப்பைக்கு வெளியே ராணி இருந்தார். நீல உடுப்பு, பக்கவாட்டு முகம், இடப்பக்கம் பார்த்தபடி. கைப்பிடி கொண்டைக்குப் பின்னால், வலப்பக்கம். தங்கக் கோடு அப்படியே.

சலூன்காரர் கையை நீட்டினார், பின்னுக்கு இழுத்துக்கொண்டார். தொட்டால் மறைந்துவிடுமோ என்பதுபோல் நின்றுகொண்டிருந்தார்.

"என்னப்பா பண்றே?" உள்ளிருந்து குரல் வந்தது. "பல்லை எடுத்துட்டு வரச் சொன்னா சீப்போட பல்லை எண்ணிக்கிட்டிருக்கியா?"

அன்றைக்குப் பெரியவரின் தாடையில் கத்தி வைக்கும்போது சலூன்காரர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வேலை செய்தார். முடிந்ததும், காற்றைக் கேட்பதுபோல், "இந்தக் கோப்பை நல்லா இருக்கே, எங்க வாங்கினீங்க?" என்றார்.

"வாங்கவா? ஒரு வீட்டுல வேலை பாத்துட்டு வரும்போது தூக்கிப் போடறதா வெச்சிருந்தாங்க. எடுத்துட்டு வந்தேன்."

"யாருன்னு தெரியுமா, இவங்க?"

"யாரா இருந்தா என்னப்பா. கைப்பிடியைப் பாரு." பெரியவர் முண்டுமுண்டான விரல்களை நீட்டிக் கைப்பிடிக்குள் நுழைத்துக் காட்டினார். "மூணு விரலும் உள்ள போகுது. இப்ப வர்ற கப்புல எல்லாம் ஒத்தை விரல்தான் போகுது. மிச்ச விரலை எங்க வெச்சுக்கறது, சட்டைப் பையிலயா?"

அடுத்த மாதம் சலூன்காரர் ஒரு புதுக் கோப்பையை வாங்கிக்கொண்டு போனார். கடைக்காரர் மிரண்டு பார்க்கப் பார்க்க, கடையில் இருந்த கோப்பைகளுக்குள்ளெல்லாம் மூன்று விரலை நுழைத்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அது. பெரியவர் அதைப் பிடித்தார், தூக்கினார், ஆட்டினார். "கனம் பத்தல," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். "வெறுங் கூண்டு. எதிர்ப்பளு இல்லாத லிஃப்டுல நான் ஏற மாட்டேன்."

வீட்டில் மனைவி அவரைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். மனைவி ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் மேற்பார்வை பார்ப்பவர்; கறை எங்கே இருக்கிறது என்பது தூரத்திலிருந்தே தெரிந்துவிடும்.

"கேட்டு வாங்கிட்டு வந்துடுங்களேன். இப்படி வெந்நீர்ல விழுந்த மாதிரி தவிக்கறதுக்கு."

"எப்படிக் கேக்கறது? நான் முடி வெட்டப் போறவன். பாத்ரூம்ல இருக்கற சாமானைக் குடுங்கன்னா என்ன நினைப்பாங்க?"

"திருடப் போற மாதிரி பேசறீங்க."

அதைத்தான் அவரும் பயந்தார். கேட்டு வாங்குவதற்கும் திருடுவதற்கும் நடுவில் ஒரு நூலிழைதான் இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. பெரியவருக்கு அது வேண்டாத பொருள் என்றால் ஒன்றும் இல்லை. வேண்டும் என்று விரலை நுழைத்துக் காட்டிவிட்டாரே. ஆனால் அந்த ராணி பல் ஊறும் தண்ணீரைச் சுமந்துகொண்டு, தைல சீசாவைப் பார்த்தபடி நிற்க வேண்டிய ஆளா? இங்கே ஒருத்தர் மிக்ஸியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இரண்டு தெரு இடைவெளி. நினைத்து நினைத்து, வாடிக்கையாளர் ஒருவருக்கு ஒரு பக்கக் கிருதாவை விரல்கடை ஏற்றி வெட்டிவிட்டார். மறுபக்கத்தையும் ஏற்றிச் சமாளிக்க வேண்டியதாயிற்று.

கடைசியில் மருமகளிடம் கேட்பது என்று முடிவு செய்தார்.

பெரியவரின் மருமகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. ஏதோ ஒரு துணி துவைக்கும் இயந்திரக் கம்பெனிக்கு வருகிற புகார் அழைப்புகளைக் காதில் மாட்டிக்கொண்டு பதில் சொல்ல வேண்டும். முன்னறையில் உட்கார்ந்து, யாருக்கோ, "தங்கள் பொறுமைக்கு நன்றி ஐயா," என்று தேனாகப் பேசி, பட்டனை அமுக்கிவிட்டு, அதே மூச்சில் உள்ளே பார்த்து, "மாமா, டிவி சத்தத்தைக் குறைங்க," என்பாள். எந்த வாக்கியம் யாருக்கு என்று பழகினவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த மாதம் வேலை முடிந்து பையைத் தூக்கிக்கொண்டு சலூன்காரர் அவள் மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். என்ன சொல்வது என்று வீட்டிலிருந்தே ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும்மா."

அவள் ஒரு விரலைத் தூக்கி நிறுத்தச் சொன்னாள். "இணைப்பில் காத்திருங்கள் அம்மா, பார்த்துச் சொல்கிறேன்." பட்டனை அமுக்கினாள். "சொல்லுங்கண்ணா, சீக்கிரம்."

சீக்கிரம் என்றதும் ஒத்திகை எல்லாம் பறந்துவிட்டது. கோப்பை என்கிற சொல் தொண்டைவரை வந்து, வெட்கப்பட்டுத் திரும்பிப் போயிற்று.

"பெரியவரோடது... பாத்ரூம்ல தண்ணி ஊத்தி வெச்சிருக்காரே... அதை எங்கிட்டக் குடுத்தீங்கன்னா, செட் ஆயிடும்."

"அட, இதுக்கா இவ்வளவு தயங்கினீங்க? நானே கேக்கலாம்னு இருந்தேன். உங்க கடைக்குப் பக்கத்துலதானே. தாராளமா எடுத்துட்டுப் போங்க."

உங்கள் கடைக்குப் பக்கத்தில் என்பது அவர் காதில் விழவே இல்லை. தாராளமா என்பதுதான் விழுந்தது.

"பெரியவர் ஒண்ணும் சொல்ல மாட்டாரா?"

"இப்பச் சொன்னா விட மாட்டார், ஆகாசத்துக்கும் பூமிக்கும் குதிப்பார். நாளைக்கு மத்தியானம் சாப்பிட்டுத் தூங்கினதும் பத்திரமா கட்டி வைக்கிறேன், வந்து வாங்கிக்கோங்க. ஆனா ஜாக்கிரதைண்ணா. கீழ போட்டா ரெண்டாயிடும்."

"கண்ணுக்குள்ள வெச்சுப் பாத்துக்கிறேம்மா," என்றார் சலூன்காரர். நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. ஒரு விஷயத்துக்கு இவ்வளவு உருகுகிறாரே என்று அவளும் ஒரு கணம் வியந்தாள். அதற்குள் இணைப்பில் இருந்த அம்மா பொறுமை இழந்துவிட்டார்.

சலூன்காரரின் கடைக்குப் பக்கத்துக் கடை பல்செட்டு கட்டுகிறவருடையது. அதை அவர் முற்றிலும் மறந்துபோயிருந்தார். தினமும் பார்க்கிற பலகைதானே.

மறுநாள் மத்தியானம் அவள் வாசலிலேயே ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தாள். காதில் அழைப்பு இருந்ததால் சைகைதான். உதட்டில் விரல், பிறகு உள்ளறையைக் காட்டி ஒரு குறட்டை. டப்பா கனமாக இருந்தது. அடியில் லேசாக ஈரம். கழுவிக் கொடுத்திருக்கிறாள், நல்ல வீட்டுப் பெண் என்று நினைத்துக்கொண்டார். இரண்டு தெருவையும் டப்பாவை நெஞ்சோடு அணைத்து நடந்தார். எதிரே வந்த சைக்கிளுக்கெல்லாம் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்டார். சந்தோஷத்துக்கு அடியில் ஒரு நமைச்சல் இருந்துகொண்டே இருந்தது. தூங்குகிற மனிதரிடமிருந்து எடுத்தது. எழுந்ததும் தேடுவார். மூன்று விரலை எங்கே வைத்துக்கொள்வார்?

வீட்டில் மனைவி வேலை முடிந்து வந்திருந்தார். அவருடைய தம்பியும் இருந்தான். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவனுக்கு. மத்தியானச் சாப்பாடு அக்கா வீட்டில்.

"என்ன மச்சான், கல்யாணப் பொண்ணைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

சலூன்காரர் ராஜாவை அலமாரியிலிருந்து இறக்கி மேஜைமேல் வைத்தார். அவருக்கு வலப்பக்கம் இடம் விட்டு டப்பாவை வைத்தார்.

மச்சினன் டப்பாவைத் தூக்கி லேசாகச் சாய்த்துப் பார்த்தான். "இதுல கப் இல்லை மச்சான்."

"உனக்கென்ன தெரியும்."

"நாள் முழுக்க இதானே பண்றேன். கப்புன்னா ஒரு பக்கமா உருளும். இது சொத்துன்னு விழுது."

மூடியைத் திறந்தார்கள். உள்ளே ஈரத் துண்டு, சுருட்டிச் சுருட்டி வைத்திருந்தது. சலூன்காரர் ஒரு சுற்றுப் பிரித்தார், இன்னொரு சுற்றுப் பிரித்தார். துண்டு முழுசாக விரிந்தது. நடுவில் இருந்து இரண்டு வரிசைப் பல் அவரைப் பார்த்துச் சிரித்தது.



"பரவால்ல," என்றான் மச்சினன். "ராணி நல்லா சிரிச்ச முகமா இருக்காங்க."

"நீ என்ன சொல்லிக் கேட்டீங்கன்னு சொல்லுங்க முதல்ல," என்றார் மனைவி. பதற்றத்தில் நீயும் நீங்களும் கலந்துவிட்டன. சலூன்காரர் தான் கேட்டதை வரி பிசகாமல் சொன்னார். பாத்ரூம், தண்ணீர், குடுத்தீங்கன்னா செட் ஆயிடும். மனைவி தலையில் கைவைத்துக்கொண்டார். "பல்லு செட்டு லொடலொடன்னு இருக்குன்னு அந்த மனுஷர் மாசாமாசம் புலம்பறாரு. உங்க கடைக்குப் பக்கத்துல செட்டு கட்டறவர். நீங்க போய் செட் ஆயிடும்னு சொன்னா அந்தப் பொண்ணு வேற என்னத்தைக் கட்டிக் குடுக்கும்?"

சலூன்காரர் உட்கார்ந்துவிட்டார். ராணி போனது ஒருபக்கம் இருக்கட்டும். இந்நேரம் பெரியவர் எழுந்திருப்பார். பொக்கை வாயோடு உட்கார்ந்திருப்பார். அதுவும் தன்னால்.

"ஈரம் காயக் கூடாது அது. வளைஞ்சுடும்," என்று மனைவி துண்டைத் தொட்டுப் பார்த்தார். "தண்ணியில போடணும். ஆனா என் பாத்திரம் ஒண்ணுலயும் வைக்க விட மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்."

"அப்ப எதுல வைக்கறது?"

மனைவி அலமாரியைப் பார்த்தார். மச்சினனும் பார்த்தான். சலூன்காரரும் வேறு வழியில்லாமல் பார்த்தார். மூக்கில்லாத ராஜாவின் குவளை அடியில் ஒழுகும். இன்னொன்றில் மயிரிழை விரிசல். அதற்கடுத்தது இரண்டு வரிசையும் கொள்ளாத அளவுக்குச் சின்னது. கீறலில்லாமல், வாய் அகலமாக, கைக்கெட்டும் தூரத்தில் மேஜைமேல் இருந்தது ஒரே ஒரு கோப்பைதான்.

வாங்கிய நாளிலிருந்து அவர் அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றியதில்லை. துடைப்பதுகூட உலர்ந்த சவரப் பிரஷால்தான். இப்போது குழாயைத் திறந்து, கோப்பையைப் பிடித்து, பாதிவரை நிரப்பினார். மேல்வரிசையைப் போட்டார். கீழ்வரிசையைப் போட்டார். ராஜா அசையாமல் மிக்ஸியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சிந்தாமல் இருக்க வெள்ளிவிழாத் தட்டு ஒன்றை மேலே கவிழ்த்து மூடிக்கொண்டு, தெருவில் இறங்கினார். வழியில் பல்செட்டு கட்டுகிறவர் கடையில் நின்று, வந்ததற்கு அதையாவது சரிசெய்து கொடுத்துவிடலாம் என்று தட்டைத் தூக்கிக் காட்டினார்.

"இது சரி. வாய் எங்க?" என்றார் அவர்.

"வாயா?"

"வாய் இல்லாம எதுல வெச்சுப் பாக்கறது? வாயைக் கூட்டிட்டு வாங்க."

"வாய் மூணாவது மாடியில இருக்கு. லிஃப்ட் ஓடல."

பல்செட்டுக்காரர் தன் முட்டியைத் தடவிக்கொண்டு யோசித்தார். "சரி, சாயங்காலம் கடை சாத்திட்டு நானே வரேன். நீங்க முதல்ல கொண்டுபோய்க் குடுங்க. மனுஷன் பசியோட இருப்பாரு."

பெரியவர் ஜன்னலோரம் உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு, முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டிருந்தார். "வாடா, பல்லைப் புடுங்கிட்டா வாயை மூடிக்குவேன்னு ரெண்டு பேருமா திட்டம் போட்டீங்களா?" என்றார். பல் இல்லாததால் பாதிச் சொல் காற்றாக வந்தது. கோபம் முழுசாக வந்தது. கோப்பையைப் பார்த்ததும் பிடுங்கிக்கொள்ளாத குறையாக வாங்கிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் பாத்ரூமுக்குப் போனார்.

மருமகள் பட்டனை அமுக்கிவிட்டுத் திரும்பினாள். "அதுக்குள்ள சரி ஆயிடுச்சாண்ணா?"

ஆயிற்று என்று சொல்லிவிட்டால் முடிந்தது. சலூன்காரர் வாயைத் திறந்தார். "இல்லைம்மா. நான் கேட்டது பல்லை இல்லை. கப்பை."

"எந்தக் கப்பை?"

"பல்லு இருந்த கப்பை. எங்கிட்ட அதோட ஜோடி இருக்கு. இதுவும் வந்தா செட் ஆயிடும்னு..."

அவளுக்கு விளங்க ஒரு கணம் ஆயிற்று. விளங்கியதும் சிரித்தாள் பாருங்கள், மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. பட்டன் சரியாக அமுங்கவில்லை போலிருக்கிறது; காதில் யாரோ கத்தினார்கள். "மன்னிக்கவும் ஐயா, தங்கள் இயந்திரத்தைப் பார்த்துச் சிரிக்கவில்லை," என்று அவசரமாகச் சொல்லிவிட்டு, இந்தமுறை நன்றாக அமுக்கினாள். "அந்தப் பழைய கப்பாண்ணா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே. எடுத்துட்டுப் போங்க. மாமாவுக்கு நான் வேற ஏதாவது வாங்கிக் குடுத்துப் பழக்கிடறேன். நிஜமாத்தான் சொல்றேன்."

வருஷக்கணக்காகத் தேடியது ஒரு வார்த்தையில் கைக்கு வந்துவிட்டது. சலூன்காரர் பாத்ரூம் பக்கம் நடந்தார்.

பெரியவர் பல்லை மாட்டிக் கண்ணாடியில் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பலகைமேல் இரண்டு கோப்பைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. இடப்பக்கம் ராஜா, வலப்பக்கம் ராணி. யார் யார் என்று தெரியாமலே சரியாக வைக்கப்பட்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பழைய சாமான் கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. ராணியின் உதட்டோரத்தில், தனியாக இருந்தபோது தெரியாத ஒரு லேசான சிரிப்புக்கூட இருந்தது.

"இதுவும் அதே அச்சுதானே," என்றார் பெரியவர், ராஜாவின் கைப்பிடிக்குள் மூன்று விரலை நுழைத்துக்கொண்டே. "கனமும் சரியா இருக்கு. ரொம்ப நாளா எனக்கு ஒரு குறைப்பா. ரெண்டு வரிசையையும் ஒரே கப்புல போட்டா ஒண்ணை ஒண்ணு கடிச்சுக்கிட்டே கிடக்குது. அதான் தேய்மானம். மேல்வரிசை இதுல, கீழ்வரிசை அதுல. ரெண்டு லிஃப்டுக்கு ரெண்டு கூண்டு. யார் சொல்லி இந்த யோசனை உனக்கு வந்துது?"

சலூன்காரர் ராணியைப் பார்த்தார், ராஜாவைப் பார்த்தார்.

"இது எனக்கா கொண்டாந்தே?"

மருமகள் பின்னால் வந்து நின்றாள். சலூன்காரரின் முகத்தைப் பார்த்தாள். மாமா, அது அவரோடது, என்று அவள் வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"உங்களுக்குத்தான் பெரியவரே."

சொன்ன பிறகுதான் சொன்னது அவருக்கே தெரிந்தது. தட்டை மட்டும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படியிறங்கினார். நெஞ்சு கனத்துத்தான் இருந்தது. இரண்டு தெருவும் கடந்து வீட்டு வாசலுக்கு வந்தபோது, மத்தியானத்திலிருந்து இருந்த அந்த நமைச்சல் மட்டும் இல்லை என்று கவனித்தார்.

"எங்க உங்க ராஜா?" என்றார் மனைவி, அலமாரியின் காலி இடத்தைப் பார்த்து.

"ராணிகிட்டப் போயிட்டாரு. அவருக்குப் பல்லு முளைச்சிருக்கு."

மனைவி அன்றைக்கு டீயை டம்ளரில் ஊற்றாமல், அலமாரியிலிருந்து ஓர் இளவரசர் கல்யாணக் கோப்பையை எடுத்துக் கழுவி, அதில் ஊற்றி நீட்டினார். சலூன்காரர் ஒரு நிமிஷம் தங்கக் கோட்டைப் பார்த்தார். பிறகு குடித்தார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் பெரியவருக்கு முடி வெட்டி முடித்ததும் சீப்பைக் கழுவப் பாத்ரூமுக்குப் போவார். பெரியவர் இரண்டு கைப்பிடியும் வலதுகைக்கு வாகாக ஒரே பக்கம் இருக்கும்படி வைத்திருப்பார். அதனால் ராஜாவின் முகம் சுவர்ப்பக்கம் போயிருக்கும். சலூன்காரர் ராஜாவைத் திருப்பி ராணியைப் பார்க்க வைத்துவிட்டு வருவார். அடுத்த மாதம் போனால் திரும்பவும் சுவர்தான். இவரும் விடுவதில்லை, அவரும் விடுவதில்லை.

ஒருநாள் சலூன் கதவைத் தள்ளிக்கொண்டு லிஃப்டுக்காரரே வந்து நின்றார். பல் கட்டுக்கோப்பாக நின்றது, பேச்சில் ஒரு கடகடப்பும் இல்லை.

"லிஃப்ட் ஓடுதுப்பா," என்றார், தானே ரிப்பேர் பார்த்ததுபோல். "இனிமே உனக்குச் சிரமம் இல்லை. நானே இறங்கி வந்துடுவேன்."

சலூன்காரரின் கையில் இருந்த கத்தரி நின்றது.

"நீங்க எதுக்கு அலையணும் பெரியவரே. வழக்கம்போல நானே வரேன்."

"லிஃப்ட் ஓடுதுன்னு சொல்றேன்ல."

"ஓடட்டும். எனக்கு நாள் பூரா நின்ன இடத்துலயே வேலை. மாசத்துல ஒருநாள் படியேறினாத்தான் உடம்புக்கு நல்லதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

எந்த டாக்டர் என்று பெரியவர் கேட்கவில்லை. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, அச்சில் எண்ணெய் போடச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அடுத்த மாதம் சலூன்காரர் பையைத் தூக்கிக்கொண்டு, ஓடிக்கொண்டிருக்கிற லிஃப்டின் பக்கம் திரும்பாமல், படியேறிப் போனார்.